பஸ்ஸில் போகும் களஞ்சியம்: டிக்கோயா கணினி அறை ஒன்றின் அனுபவம்

ஹட்டனிலிருந்து டிக்கோயாவைத் தாண்டி நோர்வூட் போகும் வீதியோரம் ஒரு தோட்டம். அங்கே பழைய பிள்ளைக் காம்பராவின் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தின்) இரண்டு அறைகளில் 14 கணினிகள் இருக்கின்றன. எல்லாம் கொழும்பு அலுவலகங்கள் கழித்துவிட்டவை. நான்கு ஜிகாபைட் நினைவகத்துக்கு மேல் ஒன்றிலும் இல்லை. சாதாரண தரம், உயர்தரம் எடுக்கும் பிள்ளைகள் பாடசாலை விட்டதும் வருகிறார்கள். சனி, ஞாயிறுகளில் கொழுந்தெடுத்துவிட்டு வரும் இளம் பெண்களும் உண்டு. எல்லாக் கணினிகளிலும் ஓடுவது டெபியன் 12 என்ற இலவச லினக்ஸ் இயங்குதளம். அவற்றைப் பராமரிக்கும் பொறுப்பு மூன்று வருடங்களாக என்னிடம் இருக்கிறது.

எங்களைத் திணறடித்தது கணினிகளின் வயது அல்ல, இணையம். அறை முழுவதற்கும் ஒரே ஒரு 4ஜி ரவுட்டர். பகல் டேட்டா குறைவு, நள்ளிரவுக்குப் பிறகு கிடைக்கும் டேட்டா தாராளம். மூடுபனி இறங்கி மழை பிடித்துவிட்டால் சிக்னலும் சுணங்கிவிடும். ஒரு மாதத்துக்கான மென்பொருள் திருத்தங்கள் ஒரு கணினிக்குச் சுமார் 300 மெகாபைட் என்றால், 14 கணினிகளுக்கு 4.2 ஜிகாபைட். ஒரே கோப்பைப் பதினான்கு முறை காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தோம். மாதம் பாதி கழிவதற்குள் டேட்டா தீர்ந்துவிடும். பிறகு பிள்ளைகளுக்கு ஒரு பாடக் காணொளிகூடத் திறக்காது.

இரண்டாவது அறைக்குக் கேபிள் இழுக்க வசதியில்லாமல் ஆறு கணினிகளுக்கு மலிவான யூஎஸ்பி வைஃபை டொங்கிள் வாங்கியிருந்தோம். அவற்றுக்குள் இருந்தது 8821சியூ என்ற சில்லு. அதற்கான ஆதரவு லினக்ஸ் 6.2 இல்தான் கெர்னலுக்குள், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதிக்குள், சேர்ந்தது. டெபியன் 12 உடன் வருவதோ 6.1. ஆகவே டொங்கிளை இயக்கும் நிரலான டிரைவரைத் தனியாகக் கம்பைல் செய்ய (மூல நிரலிலிருந்து கட்டியெடுக்க) வேண்டும், அதுவும் கெர்னல் மாறும்போதெல்லாம். அந்தப் பழைய கணினிகளில் ஒன்றுக்குப் பத்து நிமிடம் பிடித்தது. அதற்காக ஒவ்வொன்றிலும் கம்பைலரும் கெர்னலின் தலைப்புக் கோப்புகளும் ஏற்றியிருக்க வேண்டும். ஒரே சமையலை ஆறு அடுப்பில் ஆறு முறை சமைத்த கதைதான்.

ஆகவே தேவை இரண்டு. வெளியிலிருந்து வருவது ஒரு முறை மட்டும் வர வேண்டும்; நாங்களே கட்டுவதை ஒரு முறை மட்டும் கட்ட வேண்டும். இரண்டையும் கட்டி முடித்த பொதிகளாக, அதாவது நிறுவத் தயாரான மென்பொருள் கோப்புகளாக, ஓரிடத்தில் வைத்து, எல்லாக் கணினிகளும் அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த இடம்தான் களஞ்சியம்.

களஞ்சியம் என்பது வெறும் கோப்புறை

மென்பொருள் களஞ்சியம் என்றதும் பெரிய சேவையகம், தரவுத்தளம், இரவு பகலாகக் காவல் இருக்கும் ஆள் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். டெபியனின் களஞ்சியத்தைத் திறந்து பார்த்தால் உள்ளே முக்கியமானவை இரண்டே கோப்புறைகள். 'பூல்' என்பதில் பொதிகள் கிடக்கின்றன. 'டிஸ்ட்ஸ்' என்பதில் அந்தப் பொதிகளின் பட்டியல்கள் இருக்கின்றன. எந்தப் பொதிக்கு எது வேண்டும், எது புதியது, எதை முதலில் நிறுவ வேண்டும் என்ற யோசனையெல்லாம் பிள்ளையின் கணினியில் இருக்கும் 'ஆப்ட்' நிரலின் வேலை. கேட்ட கோப்பை எடுத்து நீட்டுவதோடு சேவையகத்தின் கடமை முடிந்துவிடுகிறது.

அதற்கு உள்ளங்கை அளவான ராஸ்பெரி பை 3 என்ற சிறு கணினி (இனி 'பை') போதுமானதாக இருந்தது. பழுதான மடிக்கணினியிலிருந்து கழற்றிய 120 ஜிகாபைட் எஸ்எஸ்டியை யூஎஸ்பி பெட்டி ஒன்றில் போட்டு அதனுடன் இணைத்தோம். கோப்புகளை நெட்வொர்க்கில் பரிமாறும் என்ஜின்எக்ஸ் நிரலை நிறுவி, எந்தக் கோப்புறையைக் காட்ட வேண்டும் என்று நான்கைந்து வரிகள் எழுதினோம். பொதிகள் இருக்கும் பகுதியை வாசிக்க மட்டும் அனுமதியுடன் ஏற்றிவைத்தோம். தென்மேல் பருவக்காற்றில் சவுக்கும் யூக்கலிப்டசும் மின்கம்பியில் விழாத வாரம் இங்கே குறைவு. கரண்ட் சொல்லாமல் போகும் இடத்தில், எழுதப்படாத வட்டுதான் பிழைத்துக்கொள்ளும்.

இந்தப் பையின் நெட்வொர்க் வேகம் 100 மெகாபிட், அதாவது நொடிக்கு 11 மெகாபைட் அளவு. 14 கணினிகளும் ஒரே நேரத்தில் 300 மெகாபைட் கேட்டாலும் கணக்குப்படி ஆறேழு நிமிடத்தில் முடிய வேண்டும். கேபிள் உள்ள அறையில் ஏறக்குறைய அப்படித்தான் முடிந்தது. வைஃபை அறையில் அரை மணி நேரம் ஆனது. அதுவும் இணையத்தைத் தொடாமல்.

ஒரு கணினி இறக்கியதைச் சேமித்து மற்றவற்றுக்கும் கொடுக்கும் ஆப்ட்-கேச்சர்-என்ஜி போன்ற இடைநிலைச் சேமிப்பான் ஒன்றை வைத்தால் போதாதா என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான், நல்ல இணைப்பு உள்ள இடத்துக்கு நானும் அதையே சொல்வேன். ஆனால் அது ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய ஒரு நிரல். பட்டியலைப் புதுப்பிக்க வெளியுலகைக் கேட்கும். சிக்னல் இல்லாத நாளில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும். கணினிகள் வேறுவேறு நாளில் கேட்டால் வேறுவேறு பதிப்பு வந்துசேரும். எனக்கு 14 கணினிகளிலும் ஒரே பதிப்பு வேண்டும். அதோடு, கோப்புறையைத் தூக்கிக்கொண்டு போகலாம். பொகவந்தலாவையில் இதே போன்ற இன்னொரு அறை இருப்பதால் எனக்கு இது பெரிய விஷயம்.

கட்டுவதும் சேர்ப்பதும்

டெபியன் 12 இல் 64,000க்கு மேற்பட்ட பொதிகள் உண்டு. முழுவதையும் பிரதியெடுக்க நினைப்பது பேராசை. நூற்றுக்கணக்கான ஜிகாபைட் வேண்டும். எல்லாம் சரியாக அமைந்த ஒரு மாதிரிக் கணினியை எடுத்து, அதில் நிறுவப்பட்டிருந்தவற்றைப் பட்டியலிட்டோம். சுமார் 1,900 பொதிகள். மொத்தம் இரண்டு ஜிகாபைட்டுக்குச் சற்றுக் குறைவு. 'ஆப்ட்லி' என்ற கருவியிடம் அந்தப் பட்டியலைக் கொடுத்தால், அவற்றையும் அவை சார்ந்திருப்பவற்றையும் மட்டும் இழுத்து வருகிறது.

இந்த வேலையெல்லாம் பையில் நடப்பதில்லை. திரை உடைந்த ஒரு மடிக்கணினி மூலையில் இருக்கிறது; நள்ளிரவு டேட்டாவில் அதுதான் இழுக்கிறது. இழுக்கும்போதே டெபியனின் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்கிறது. காலையில் நான் போய், வந்தவற்றை அன்றைய தேதியிட்ட ஒரு ஸ்னாப்ஷொட்டாக உறைய வைத்து, எங்கள் கையொப்பத்தை இட்டு, பைக்கு அனுப்புகிறேன். கையொப்பமிடும் இரகசியத் திறவி ஒரு பென் டிரைவில் என் சட்டைப் பையில் இருக்கிறது. தொடக்கத்தில் அதை ராஸ்பெரி பையிலேயே வைத்திருந்தேன், அது தவறு. எல்லோரும் தொடக்கூடிய பெட்டிக்குள் முத்திரையை வைத்துவிட்டால் முத்திரைக்கு என்ன மதிப்பு?

நாங்களே கட்டுபவை இரண்டுதான். ஒன்று டொங்கிளின் டிரைவர்: மடிக்கணினியில் ஒரு முறை கம்பைல் செய்து பொதியாக்குகிறோம். மற்றது உள்ளே நிரல் எதுவும் இல்லாத ஒரு வெற்றுப் பொதி. 'லோகித் தமிழ் எழுத்துரு வேண்டும், தமிழ்99 விசைப்பலகைக்கான கருவி வேண்டும், லிப்ரே ஆபிஸின் தமிழ் இடைமுகம் வேண்டும், இந்தக் கெர்னலும் அதற்கே உரிய டிரைவரும் வேண்டும்' என்று சார்புகளை மட்டும் அது சொல்கிறது. புதுக் கணினி ஒன்று வந்தால் அந்த ஒரு பொதியை நிறுவச் சொன்னால் போதும். மற்றவை பின்னாலேயே வந்துவிடும்.

கடைசியாகச் சொன்ன சார்பைக் கஷ்டப்பட்டுத்தான் கற்றோம். ஒரு முறை புதிய கெர்னலை வெளியிட்டுவிட்டு அதற்கான டிரைவரைக் கட்ட மறந்துவிட்டேன். திங்கட்கிழமை மாலை ஆறு கணினிகளும் புதிய கெர்னலுடன் எழுந்தன. ஒன்றுக்கும் நெட்வொர்க் இல்லை. நெட்வொர்க் இல்லாததால் டிரைவரை இறக்கவும் வழியில்லை. பென் டிரைவில் ஒவ்வொன்றாக ஏற்றினேன். இப்போது கெர்னலும் டிரைவரும் ஒரே பொதியின் சார்பில் கட்டப்பட்டிருக்கின்றன. ஒன்று இல்லாமல் மற்றது நகராது.

முத்திரையைச் சோதித்த நாள்

தேயிலை ஸ்டோரில் பொதி கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். ஒவ்வொரு மூட்டையிலும் தோட்டத்தின் மார்க், பி.ஓ.பி.எஃப். போன்ற தரம், இன்வொய்ஸ் எண், நிறை எல்லாம் அச்சிட்டிருக்கும். கொழும்புக்கு எந்த லொறி ஏற்றிச் சென்றாலும், மூட்டையையும் தாளையும் ஒப்பிட்டால் தெரிந்துவிடும். ஆப்ட் செய்வதும் இதுதான், இன்னும் கறாராக. ஒவ்வொரு பொதிக்கும் ஷா-256 முறையில் 64 இலக்க ஹாஷ் ஒன்று, அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண், உண்டு. அந்த ஹாஷ்கள் 'பெக்கேஜஸ்' என்ற பட்டியலில் இருக்கின்றன. அந்தப் பட்டியலின் ஹாஷ் 'இன்ரிலீஸ்' என்ற கோப்பில் இருக்கிறது. இன்ரிலீஸில் எங்கள் கையொப்பம் இருக்கிறது. ஆயிரக்கணக்கான பொதிகளுக்கும் ஒரே முத்திரை போதுமாவது இப்படித்தான்.

இதைச் சொல்லிக் கொடுத்தபோது உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் எடுக்கும் ஒரு மாணவி நம்பவில்லை. நம்பாததில் எனக்கு மகிழ்ச்சி. களஞ்சியத்தின் பிரதி ஒன்றைக் கொடுத்து, "ஏமாற்றிப் பார், பிள்ளை" என்றேன்.

முதலில் லோகித் எழுத்துருப் பொதியைத் திறந்து ஓர் எழுத்தை மட்டும் மாற்றினாள்; கோப்பின் அளவுகூட மாறவில்லை. ஆப்ட் அதை இறக்கிப் பார்த்துவிட்டு, ஹாஷ் பொருந்தவில்லை என்று நிறுவ மறுத்தது. சரியென்று புதிய ஹாஷைக் கணக்கிட்டு பெக்கேஜஸ் பட்டியலில் எழுதினாள். இப்போது பொதியும் பட்டியலும் பொருந்தின. ஆனால் பட்டியலும் இன்ரிலீஸும் பொருந்தவில்லை. இன்ரிலீஸையும் திருத்தினாள். கையொப்பம் செல்லாது என்று ஆப்ட் அந்தக் களஞ்சியத்தையே ஒதுக்கிவிட்டுத் தன்னிடம் இருந்த பழைய பட்டியலோடு நின்றுகொண்டது. மேலே ஏற இனிப் படியில்லை. நாற்காலியில் சாய்ந்து சிறிது நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சேர், அப்படியென்றால் இந்த டிஸ்க்கை யார் கையில் கொடுத்து அனுப்பினாலும் பரவாயில்லையா?"

"தொலைக்கலாம், உடைக்கலாம். மாற்ற மட்டும் முடியாது."

அவளிடம் இன்னொன்றையும் சொன்னேன். எங்கள் முத்திரையோடு உள்ள ஆறு மாதப் பழைய பிரதியை ஒருவர் தொடர்ந்து கொடுத்துக்கொண்டிருந்தால் கையொப்பம் சரியாகத்தான் இருக்கும்; பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வந்துசேராது. இன்ரிலீஸில் காலாவதித் தேதி ஒன்றை எழுதி இதைத் தடுக்க வழி இருக்கிறது. நாங்கள் வேறு வழியைப் பிடித்தோம். ஸ்னாப்ஷொட்டின் தேதியை அந்த வெற்றுப் பொதியே ஒவ்வொரு கணினியின் திரைப் பின்னணியிலும் எழுதுகிறது. பழைய தேதி தெரிந்தால் பிள்ளைகளே வந்து சொல்லிவிடுகிறார்கள்.

இடறிய இடங்கள்

பைக்கு அனுப்ப, கோப்புகளைப் பிரதியெடுக்கும் ஆர்சிங்க் கருவியைப் பயன்படுத்தினேன். அகர வரிசைப்படி டிஸ்ட்ஸ் முதலிலும் பூல் பிறகும் போகும் என்பதை நான் யோசிக்கவில்லை. ஒரு சனிக்கிழமை டிஸ்ட்ஸ் போய்ச் சேர்ந்து, பூல் பாதியில் இருக்கும்போது கரண்ட் போயிற்று. வந்த பிறகு பார்த்தால் பட்டியலில் இருக்கும் பொதிகள் வட்டில் இல்லை. எல்லாக் கணினியும் 404, கோப்பு இல்லை, என்று அழுதன. சரக்கு வருமுன் பட்டியலைக் கடை வாசலில் தொங்கவிட்டதன் பலன்.

இப்போது ஒவ்வொரு ஸ்னாப்ஷொட்டும் தேதியிட்ட தனிக் கோப்புறைக்குப் போகிறது. மாறாத கோப்புகள் பழையவற்றுடன் வன்இணைப்பாக (ஒரே கோப்புக்கு இன்னொரு பெயராக) பகிரப்படுவதால் இடம் வீணாவதில்லை. எல்லாம் வந்து சேர்ந்த பிறகே 'இன்றையது' என்ற குறியீட்டு இணைப்பு புதிய கோப்புறைக்குத் திரும்புகிறது. அது ஒரே நொடியில் நடக்கும் மாற்றம். பாதி நிலை என்று ஒன்று இல்லை. இதைச் செய்தபோது, சிக்கல் வந்தால் இணைப்பைப் பழைய கோப்புறைக்குத் திருப்பிவிடலாம் என்று நினைத்தேன். அது நடக்கவில்லை. தன்னிடம் இருப்பதைவிடப் பழைய தேதியிட்ட இன்ரிலீஸைக் கண்டால் ஆப்ட் அதைப் பொருட்படுத்துவதில்லை. பழைய ஸ்னாப்ஷொட்டுக்குத் திரும்ப வேண்டுமானால் அதற்குப் புதிய தேதியில் மீண்டும் கையொப்பமிட வேண்டும்.

என்னை அதிகம் அலைக்கழித்தது கடிகாரம். ஏப்ரல் விடுமுறை முடிந்து அறையைத் திறந்த அன்று காலையில்தான் புதிய ஸ்னாப்ஷொட் வெளியிட்டிருந்தேன். மூன்று கணினிகள் மட்டும் அதை ஏற்க மறுத்தன. இந்த வெளியீட்டுக் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை, செல்லுபடியாக இன்னும் 23 நாட்கள் இருக்கின்றன என்ற பொருளில் ஒரு பிழைச் செய்தி. கையொப்பத்தைப் பார்த்தேன், திறவியைப் பார்த்தேன், என்ஜின்எக்ஸ் பதிவேட்டைப் பார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தன. ஒரு மணி நேரம் போன பிறகு, அதே மாணவி திரையின் மூலையைச் சுட்டினாள்.

"சேர், இந்தக் கணினிக்கு இன்னும் விடுமுறையே தொடங்கவில்லை."

அந்த மூன்றிலும் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டரி செத்திருந்தது. வட்டில் கடைசியாகக் குறித்து வைத்த நேரத்திலிருந்துதான் அவை மீண்டும் எண்ணத் தொடங்கின. இணையத்திடம் நேரம் கேட்கச் சிக்னல் இல்லை. அவற்றைப் பொறுத்தவரை எங்கள் கையொப்பம் எதிர்காலத்திலிருந்து வந்தது, மறுத்தது சரியே. நாணயம் போன்ற அந்தப் பட்டரியை ஹட்டன் டவுனில் எந்த மணிக்கூட்டுக் கடையிலும் வாங்கலாம். பதினான்குக்கும் வாங்கி மாற்றினோம். பையையே அறைக்கு நேரம் சொல்ல வைக்கலாம் என்று பார்த்தால், ராஸ்பெரி பை 3 இல் மணிக்கூடே கிடையாது. அதுவும் கடைசியாகச் சேமித்த நேரத்தை வைத்துத்தான் சமாளிக்கிறது. டிஎஸ்3231 என்ற சிறு மணிக்கூட்டுத் துண்டு ஒன்றை அதன் ஊசிகளில் பொருத்தினோம். அன்றிலிருந்து பொதியோடு நேரத்தையும் பையே கொடுக்கிறது.

இணையத்திலும் ஒரு பிரதி இருக்கட்டும் என்று வாடகைக் கோப்புக் களஞ்சியம் ஒன்றில் ஏற்றினோம். ஜிகாபைட்டுக்கு மாதம் இரண்டு மூன்று அமெரிக்க சதம்தான். அங்கே 'லிப்எஸ்டிடிசி++' போன்ற பெயர்கள் மட்டும் கிடைக்காமல் போயின. முகவரியில் வரும் கூட்டல் குறியை அந்தச் சேவை இடைவெளியாக வாசித்ததுதான் காரணம். ஆப்ட்லியில் இதற்கென்றே ஓர் அமைப்பு இருக்கிறது. அதை இட்டதும் சரியாயிற்று.

பைதான் பொதிகளிடம் இருக்கும் வேறுபாடு

உயர்தரப் பிள்ளைகளுக்குப் பைதான் நிரல்மொழி வேண்டும். அதன் கட்டி முடித்த பொதிகளான 'வீல்' கோப்புகளையும் இதே பையில் ஒரு கோப்புறையில் போட்டு, அவற்றை நிறுவும் 'பிப்' கருவியை அங்கே பார்க்கச் சொல்லலாம். இங்கும் சேவையகத்துக்கு வேலை இல்லை. ஆனால் பிப் முதல் வேலையாக எங்கள் பையை நம்ப மறுத்தது. எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான இணைப்பு இல்லாத இடத்திலிருந்து எடுக்க மாட்டேன் என்றது. இந்த மறுப்பை நான் மதிக்கிறேன். ஆப்ட் முத்திரையை நம்புகிறது, யார் சுமந்து வந்தார் என்று கேட்பதில்லை. பிப் வழக்கமாகச் சுமந்து வந்தவரை நம்புகிறது. அதனால்தான் அவருடைய அடையாள அட்டையைக் கேட்கிறது. நாங்கள் பையை நம்பலாம் என்று பிப்பிடம் சொல்லிவிட்டு, ஒவ்வொரு வீல் கோப்பின் ஹாஷையும் ஒரு தேவைப் பட்டியலில் எழுதி, ஹாஷ் பொருந்தினால் மட்டுமே நிறுவ வேண்டும் என்று பிப்புக்குக் கட்டளை வைத்தோம். அந்தப் பட்டியல் எங்கள் வெற்றுப் பொதிக்குள் வருகிறது. இப்படிப் பைதானும் அதே முத்திரையின் கீழ் வந்தது.

பொகவந்தலாவைக்கு

மாதத்தின் முதல் சனிக்கிழமை, ஒரு சிறிய வட்டில் களஞ்சியத்தைப் பிரதியெடுத்து பொகவந்தலாவை பஸ்ஸில் கொடுத்து அனுப்புகிறோம். பெரும்பாலும் அந்தப் பக்கம் போகும் பிள்ளை யாராவது கொண்டுபோவார். இல்லாவிட்டால் தெரிந்த கண்டக்டர். அங்கே ஒன்பது கணினிகள். வட்டை ஒரு பழைய கணினியில் செருகி, அதே நான்கைந்து வரி என்ஜின்எக்ஸ். அந்த அறைக்கு மாதாந்தத் திருத்தத்துக்கான இணையச் செலவு இப்போது இல்லை.

முதல் தடவை மட்டும் வட்டை நம்பி விட்டுவிட முடியவில்லை. முத்திரையைச் சரிபார்க்கும் பொதுத் திறவியும் அதே வட்டில் அல்லவா போகிறது? வட்டை மாற்றுபவர் திறவியையும் மாற்றலாம். ஆகவே திறவியின் கைரேகையை, அதாவது அதன் அடையாள எண்ணை, தொலைபேசியில் வாசித்து ஒப்பிடுவது என்று முடிவு செய்தோம். நாற்பது இலக்கங்கள், நான்கு நான்காகப் பத்துக் கூட்டம். அந்தப் பக்கம் பொறுப்பாக இருக்கும் தங்கச்சி திரையைப் பார்த்து வாசிக்க, நான் என் கொப்பியைப் பார்த்துச் சரி சொல்லிக்கொண்டு வந்தேன். ஆறாவது கூட்டத்தில் சிக்னல் போயிற்று. அவர் வெளியே வந்து, கோவில் மேட்டில் ஏறி நின்று மீண்டும் அழைத்தார். கணினி கீழே அறையில் இருந்ததால், ஒரு பையன் வாசலில் நின்று இலக்கங்களை உரக்கக் கத்த, அவர் மேட்டிலிருந்து எனக்குச் சொன்னார். "அண்ணா, முதலிலிருந்தே வாசிக்கிறேன்" என்றார். பத்துக் கூட்டமும் பொருந்தின. அன்று மாலையே அந்த ஒன்பது கணினிகளிலும் திறவி ஏறியது. எங்கள் களஞ்சியத்துக்கு மட்டும் செல்லும் என்ற நிபந்தனையுடன்.